முதுகைக் காட்டி உட்கார்ந்த அக்காவுக்கு

எங்கள் பூனை கருப்பி நேற்று இரவு என் கையைத் தொட்டாள். மூக்கு நுனியால், ஒரே ஒரு தடவை. தொட்ட வேகத்தில் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டாள்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளியே வந்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு, மணல் தட்டுக்கும் போய்விட்டு வந்தாள். இன்று காலையும் சாப்பிட்டாள். இதை உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதல் வேலையாக எழுத உட்கார்ந்தேன்.

விலங்குகள் காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த பிறகு அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து, சாப்பிடாமலே கிடந்த அந்த நாட்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கூடவே இருந்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன். அதிலும் முதலில் ஒருவருக்கு.

காப்பகத்தில் கூண்டு கழுவும் அக்கா. தத்தெடுக்கும் படிவத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கியவர் அவர் இல்லை, தடுப்பூசி அட்டையைத் தந்தவரும் இல்லை. நாங்கள் கருப்பியைக் கூடையில் வைத்துக் கிளம்பியபோது, வாளியும் கையுமாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். நான்காம் நாள் நான் காப்பகத்துக்குப் போன் செய்து அழுதது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. வேலை முடிந்ததும் முகவரியை வாங்கிக்கொண்டு நேரே வீட்டு வாசலில் வந்து நின்றார். "நான் கொஞ்ச நேரம் அவகூட அந்த ரூம்ல உட்காரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அதுவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போர்வையைத் தூக்கி, போன் வெளிச்சத்தை அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தேன். வந்த அன்று அவள் கண் முழுக்கக் கருமணியாக இருந்ததைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று சொன்னேன். நல்ல வெளிச்சத்திலும் அப்படி விரிந்திருந்தால் அது பயம் என்று எனக்குத் தெரியாது. கண் எடுக்காமல் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். நான் அவளை நான்கு நாளாக மிரட்டிக்கொண்டிருந்தேன், அன்பு என்று நினைத்து.

அக்கா உள்ளே வந்து பெரிய விளக்கை அணைத்தார். கிண்ணத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார், கட்டிலுக்கு முதுகைக் காட்டி. கதவருகே நின்று எட்டிப் பார்த்த என்னையும் கூப்பிட்டு, "நீங்களும் இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கம்மா. பார்க்காதீங்க" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவர் பேசவில்லை, கூப்பிடவில்லை, எதையும் நீட்டவில்லை. நாள் முழுக்கக் குனிந்து கூண்டு கழுவிய உடம்பு. சுவரில் சாய்ந்துகொள்ளக்கூட வழியில்லாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

முதலில் நகம் தரையில் உரசுகிற சத்தம். நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி. அப்புறம் நாக்கால் நக்கி நக்கிச் சாப்பிடுகிற அந்தச் சின்னச் சத்தம். நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அக்கா என் பக்கம் பார்க்காமலே என் முழங்காலில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நான் திரும்பவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிடும் என்று மருத்துவர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். அதனால் அந்தச் சத்தம் எனக்கு என்னவாகக் கேட்டது என்று உங்களுக்குப் புரியும்.

கிளம்பும்போது இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "அவளுக்குத் தெரிஞ்ச வாசனை இது ஒண்ணுதான். துவைச்சிராதீங்க." எனக்கு நன்றி என்றுகூடச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்த மருத்துவருக்கு, சுவரில் ஆணி அடிக்கிற வேலையைத் தானாகவே தள்ளிப்போட்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, "முடியவில்லை என்றால் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள்" என்று ஒரு தடவைகூடச் சொல்லாத காப்பகத்துக்காரர்களுக்கு, தினமும் விசாரித்தவர்களுக்கு. ஒளிய இடம் இல்லாவிட்டால் சீக்கிரம் பழகிவிடுவாள் என்று நினைத்து நான் அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டேன் அல்லவா, அப்போது நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வைத் தேடி அனுப்பிய தோழிக்குத் தனியாக ஒரு நன்றி. 2014இல் வெளியானது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெட்டி கிடைத்தவைதான் சீக்கிரம் பயம் தெளிந்தன. படித்த உடனே பெட்டியைத் திரும்ப வைத்தேன். இப்போது அதற்கு இரண்டு பக்கமும் வாசல்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் அவளுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இடது காதின் ஓரத்தில் ஒரு பழைய காயம், துடைப்பத்தைக் கையில் எடுத்தால் ஒரு நடுக்கம், தெரிந்தது அவ்வளவுதான். அவள் மடியில் ஏறுவாளா, ஏறாமலே இருந்துவிடுவாளா என்று இப்போது நான் யோசிப்பதில்லை. ஏறாவிட்டாலும் இது அவள் வீடு.

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் காப்பகத்துக்குப் போகப் போகிறேன். கூண்டின் கடைசி மூலையில் சுருண்டு, யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பூனைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் முன்னால் வந்து கொஞ்சுகிற குட்டிகளைத்தான் எடுத்துப் போகிறார்கள். அந்த மூலைக் கூண்டுகளுக்கு முன்னால் முதுகைக் காட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பொறுமை வேண்டும், அதை நான் கற்றுக்கொள்கிறேன்.

அக்கா, உங்கள் துண்டை இப்போதைக்குத் திருப்பித் தர முடியாது. இன்னும் துவைக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து அவளே வாயால் கவ்வி இழுத்து வந்து, கதவோரத்தில் போட்டு, அதன்மேல்தான் தூங்குகிறாள்.