பெரியம்மாவோடு மலைக்குப் போன கதை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாள். மகளுக்குக் கம்பஸ் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம், அவளிடம் தனியாகச் சொல்லு. இங்கே சுவிஸுக்கு ஈஸ்டர் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா, அண்ணா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் வந்து நின்றார்கள். வீடு நிறைந்து கிடந்தது. அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். கொக்குவிலில் உங்கள் வீட்டு வேலிக்குப் பக்கத்து வேலி பெரியம்மாவுடையதுதானே, நீ மறந்திருக்க மாட்டாய். கதைக்குக் கதை உன்னைக் கேட்டார்.

வந்தவர்களை வீட்டுக்குள் வைத்திருக்க முடியுமா, ஒரு வான் வாடகைக்கு எடுத்து ஆல்ப்ஸைச் சுற்றினோம். அண்ணாவுக்கு யுங்ஃப்ராவ் ஏற ஆசை. 3,454 மீற்றரில் ஒரு ரயில் நிலையம், ஆளுக்கு இருநூறு பிராங்குக்கு மேல் போகும், வெயில் இருந்தால் கொடுத்த காசுக்குப் பலன், அன்றைக்கோ மலை முழுக்க முகில். பெரியம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "பனி எங்களுக்கு என்ன புதுசே? ரொறன்ரோவிலை வாசலிலை அள்ளிக் கொட்டுறது காணும். சனம் இருக்கிற இடத்தைக் காட்டு." அந்த ஒரு சொல்லில் பயணம் வேறு மாதிரி ஆகிவிட்டது, எனக்கும் அதுதான் பிடித்தது.

ஏப்ரலில் இந்த மலைகளுக்குள் போவதென்றால் எந்தப் பாதை பூட்டு என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கொத்தார்ட் கணவாய், ஃபுர்கா, கிரிம்செல், சூஸ்டன் எல்லாம் பனிக்குள் கிடக்கும், மே கடைசி, ஜூன் வரை தடுப்பு போட்டிருப்பார்கள். புரூனிக் தாழ்ந்தது, வருடம் முழுக்கத் திறந்திருக்கும். சிம்ப்லோன் 2,005 மீற்றர் உயரம், ஆனாலும் குளிர்காலத்திலும் பனி வழித்து விடுகிறார்கள். அதனால் பேர்னில் இருந்து புரூனிக் வழியாக ஏறி, கொத்தார்ட் சுரங்கத்தால் தெற்கே இறங்கி, இத்தாலியின் ஒரு மூலையைத் தொட்டு, சிம்ப்லோனால் திரும்பி வருவது என்று கணக்குப் போட்டேன். ஈஸ்டருக்கு முதல் வியாழனும் வெள்ளியும் தெற்கே போகிற சனம் சுரங்கத்தின் வடக்கு வாசலான கோஷனனில் பத்து, பதினைந்து கிலோமீற்றர் வரிசையில் நிற்கும், ஒரு கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள். சனமெல்லாம் திரும்பி வருகிற நாளில் நாங்கள் எதிர்த்திசையில் போனோம், தடங்கலே இல்லை.

சுரங்கத்துக்குள் நுழைய முதல் அன்டர்மாட் வரை ஏறினோம். வழியில் ஷொல்லெனன் மலையிடுக்கு இருக்கிறது. பாலம் கட்டித் தருவதற்குக் கூலியாக அதைக் கடக்கிற முதல் உயிரைப் பிசாசு கேட்டதாம், ஊரவர் ஒரு ஆட்டை ஓட்டிவிட்டார்களாம். கோபத்தில் அது எறிய எடுத்த கல் என்று ஒரு பாறை கோஷனனில் நிற்கிறது. 220 தொன். நெடுஞ்சாலைக்கு வழி விட 1977இல் அதை உடைக்காமல் 127 மீற்றர் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதைதான் பயணம் முழுக்க.

பெரியம்மாவைப் பிடித்து நிறுத்தியது அன்டர்மாட்டின் காடு. ஊருக்கு மேலே சரிவெல்லாம் மொட்டையாகப் பனி மூடிக் கிடக்க, ஒரே ஒரு இடத்தில் முக்கோணமாகக் கரும்பச்சைக் காடு, அதற்கு நேர் கீழே வீடுகள். 1397இல் ஊரவர் கூடி அந்தக் காட்டில் கை வைக்கக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். பனிச்சரிவு ஊருக்குள் இறங்காமல் தடுக்கிறது அந்த மரங்கள்தான். அறுநூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது மச்சான், மரக்கறித் தோட்டம் அளவு காட்டுக்குக் காவல் இருக்கிறார்கள். பெரியம்மா வானை விட்டு இறங்கி, கையை நெற்றியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "எங்கடை பனையளை எத்தினை பங்கருக்குத் தறிச்சுப் போட்டாங்கள்" என்றார். பிறகு பிள்ளைகளுக்குப் பங்கர் என்றால் குண்டுக்குப் பயந்து ஒளிகிற பதுங்குகுழி என்று விளக்க வேண்டி வந்தது, அன்டர்மாட் தெருவில் நின்று அண்ணா அதைச் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும், அவனுக்கு அவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

கார் போகிற கொத்தார்ட் சுரங்கம் 16.9 கிலோமீற்றர், 1980இல் திறந்தது. ஒரே குழாய், போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. 2001இல் இரண்டு லொறிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் செத்த பிறகு லொறிகளை இடைவெளி விட்டுச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடுகிறார்கள். இப்போது இரண்டாவது குழாய் தோண்டுகிறார்கள். நுழையும்போது மழையும் சேறும், மறுபக்கம் ஐரோலோவில் கண்கூசுகிற வெயில்! வடக்கே இருந்து தள்ளிவரும் முகில் மலையில் முட்டி அந்தப் பக்கமே கொட்டிவிடுவதால் தெற்கே காற்று காய்ந்துபோய்த்தான் இறங்கும். படித்தது தெரியும், ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு அது புதிதாகவே இருக்கிறது.

ஐரோலோவில் எல்லோரும் நிற்காமல் போய்விடுவார்கள், நான் நிறுத்தினேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வின்சென்சோ வேலா செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது, செத்த தொழிலாளி ஒருவனை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதே மலைக்குள்ளால் கொத்தார்ட் ரயில் சுரங்கம் தோண்டியவர்களுக்காகச் செய்தது அது. தோண்டிய காலம் 1872 முதல் 1882 வரை, பெரும்பாலும் இத்தாலியர்கள், பதிவான கணக்கில் மட்டும் இருநூறு பேரளவில் உயிர் போனது. உள்ளே மூச்சுவிட முடியாத புகை, கூலியும் போதாது என்று 1875இல் வேலையை நிறுத்தினார்கள், கோஷனனில் அவர்கள் மேல் சூடு விழுந்து நான்கு பேர் செத்தார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, பெரியம்மா சிற்பத்தில் தூக்குகிறவனின் முழங்கையைத் தடவிப் பார்த்தபடியே, "நீயும் உப்பிடித்தானே வந்தனி" என்றார். அப்படி இல்லை, நான் இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன், சூடான தண்ணீரும் நேரத்துக்குச் சாப்பாடும் இருந்தது என்றேன். ஆனாலும் அவர் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை வந்தது. இந்த நாட்டில் பாதை வெட்டியவன், கோப்பை கழுவியவன், ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தவன், எல்லோரும் வெளியில் இருந்து வந்தவர்கள்தான், அதை எங்கள் பிள்ளைகள் தெரிந்து வளர வேண்டும் என்று நினைக்கிறேன்.

லொகார்னோவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஏரிக்கரையில் ஈச்சை போன்ற மரங்கள், கமேலியா கொட்டிக் கிடந்தது, புட்டும் கட்டிச்சம்பலும் ஒரு வாங்கிலில் இருந்து சாப்பிட்டோம், சுகம். அங்கிருந்து சென்டோவாலி வழியாக இத்தாலிக்குப் போகிற பாதை ஒடுக்கம், வளைவுக்கு வளைவு, அண்ணி தேசிக்காயை மூக்கில் இருந்து எடுக்கவே இல்லை.

டொமோடொசோலாவில் இருந்து சிம்ப்லோன் ஏறும்போது எல்லையைத் தாண்டியதும் கொண்டோ என்று ஒரு சின்ன ஊர். 2000 ஒக்டோபர் 14இல் விடாமல் பெய்த மழையில் மலையிலிருந்து சேறு இறங்கி ஊரின் நடுப்பகுதியை இழுத்துக்கொண்டு போனது, 13 பேர் செத்தார்கள். விழுகிற கற்களைத் தடுக்கக் கட்டிய மதிலும் உடைந்து சேற்றோடு சேர்ந்து வந்தது. அன்டர்மாட்டில் மரம் காத்தது, இங்கே மதில் காக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்த ஊரை அங்கேயேதான் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். கணவாயில் பாதையின் இரு கரையிலும் பனி, நெப்போலியன் பீரங்கி கொண்டுபோக வெட்டுவித்த பாதை இது, இப்போது மரக்கறி லொறி போகிறது.

பிரிக்கில் இறங்கி, கொப்பன்ஸ்டைனில் வானை ரயிலில் ஏற்றினோம். நீ இதைப் பார்த்திருக்க மாட்டாய்: காரை அப்படியே ரயில் பெட்டிக்குள் ஓட்டி நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு, உள்ளேயே இருக்க வேண்டும், கால் மணித்தியாலம் கும்மிருட்டில் மலையின் வயிற்றுக்குள்ளால் போய் மறுபக்கம் கண்டர்ஸ்டெக்கில் இறங்கலாம். ரயிலுக்கு வரிசையில் நின்றபோது பெரியம்மா பக்கத்துப் பள்ளத்தாக்கைக் காட்டி அங்கே என்ன ஊர் என்று கேட்டார். அது லோட்சென்டால். அதன் உள்ளேதான் பிளாட்டன் இருந்தது. 2025 மே 28இல் மேலே இருந்த பனியாறு பாறையோடு இடிந்து விழுந்து ஊரில் பெரும்பகுதியை மூடிவிட்டது. மலை அசைவதைக் கண்டு ஒன்பது நாளுக்கு முன்பே முந்நூறு பேரையும் மாடுகளையும் வெளியேற்றியிருந்தார்கள், ஊருக்கு வெளியே நின்ற ஒருவர் மட்டும் அகப்பட்டார். பெரியம்மா 1995 ஒக்டோபர் இடப்பெயர்வைச் சொன்னார். ஒரு இரவில் வலிகாமம் முழுக்க மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்ததை. "இதுகளுக்கு ஒன்பது நாள் குடுத்திருக்கிறாங்கள்" என்றார், பொறாமையாக இல்லை, அவர்களுக்காகச் சந்தோஷப்பட்டு. அப்புறம் ஒரே கேள்வி: திரும்பிப் போவினமோ? போவார்கள், பக்கத்திலேயே ஊரைத் திரும்பக் கட்டுவதாகத்தான் தீர்மானித்திருக்கிறார்கள் என்றேன்.

மச்சான், மகளைக் கம்பஸில் விட்ட கையோடு நீயும் மனைவியும் அடுத்த ஏப்ரலில் ஒருக்கா வாருங்கள். அழைப்புக் கடிதம், காப்புறுதி எல்லாம் நான் பார்க்கிறேன், விசாவுக்கு மட்டும் ஜனவரியிலேயே கொடுத்துவிடு, கடைசி நேரத்தில் இழுபறிப்படாதே. கணவாய்க்கு மேலே நின்று படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஜூலை, ஆனால் நான் சொல்வது ஏப்ரல்தான். பெரியம்மா உன்னிடம் கேட்டது இரண்டு: அவருடைய வளவில் கிணற்றடிப் பனை இரண்டும் நிற்கிறதா என்று பார்த்து எழுதட்டாம். கனடாவுக்கு யாராவது வந்தால் ஒடியல் மா கொடுத்து விடட்டாம், காசு அண்ணா அனுப்புவான்.

அன்புடன்,
உன் மச்சான்