செயலாளரின் ஆண்டறிக்கை: பிரெஞ்சு நுவார் படங்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, திரைப்படச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இந்த ஆண்டு பழைய பிரெஞ்சு நுவார் படங்களை, அதாவது குற்றமும் இருளும் நிறைந்த 'கறுப்பு'ப் படங்களை, மட்டுமே திரையிட்டோம். மொத்தம் ஆறு படங்கள். நுவார் என்றால் ஹாலிவுட்தானே, பிரான்ஸுக்கு ஏன் போக வேண்டும் என்று அன்று சிலர் கேட்டார்கள். 1946இல் நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அமெரிக்கக் குற்றப் படங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார் என்பது உண்மைதான். ஆனால் 1930களின் இறுதியிலேயே பிரெஞ்சுப் பத்திரிகைகள் தங்கள் நாட்டுப் படங்களைத்தான் 'கறுப்புப் படம்' என்று எழுதிக்கொண்டிருந்தன. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் எம். கெய்னின் 'தபால்காரர் எப்போதும் இருமுறை மணியடிப்பார்' நாவலை முதலில் படமாக்கியவரும் பிரான்ஸில் பியேர் ஷெனால்தான், 1939இல். அதையும் பார்த்தோம்.

தொடக்கம் ழான் ரெனுவாரின் 'லா ஷியன்' (1931). ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் வரையும் ஒரு காசாளர், லூலு என்ற பெண்ணிடம் மயங்கி எல்லாவற்றையும் இழக்கிறார். படம் முடிந்ததும் எழுந்த முதல் கேள்விதான் ஆண்டு முழுவதும் எங்களோடு வந்தது. ஆணை அழிப்பவள் என்று பொருள்படத்தான் 'ஃபாம் ஃபத்தால்' என்கிறார்கள். இங்கே கொலையாவதே லூலுதானே? கையில் வரும் பணத்தை எல்லாம் அவள் தன்னை ஆட்டிவைக்கும் தெதே என்ற முரடனிடம் கொடுத்துவிடுகிறாள். அவளிடம் கடைசியில் என்ன மிஞ்சியது?

அடுத்து, பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலாவின் நாவலை வைத்து ரெனுவார் எடுத்த 'லா பெத் யுமேன்' (1938). பாரிஸுக்கும் லு ஹாவ்ருக்கும் இடையே ஓடும் ரயிலின் எஞ்சின் டிரைவராக ழான் கபேன், செவரீனாக சிமோன் சிமோன். கணவனைக் கொல்லச் சொல்லிக் காதலனைத் தூண்டுகிறாள், சரி. ஆனால் சிறு வயதிலேயே ஒரு பணக்காரக் கிழவரால் சீரழிக்கப்பட்டவள் அவள். கடைசியில் காதலன் கையாலேயே சாகிறாள். இவ்விரண்டு படங்களையும் பின்னாளில் ஃப்ரிட்ஸ் லாங் ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தார்.

ழூலியன் துவிவியேயின் 1956ஆம் ஆண்டுப் படத்தில் அப்படி இரங்குவது கடினம். பாரிஸின் லே ஆல் சந்தையில் உணவகம் நடத்தும் கபேனிடம், முன்னாள் மனைவியின் மகள் என்று சொல்லிக்கொண்டு கேத்தரின் வருகிறாள். அம்மா செத்துவிட்டாள் என்கிறாள், அது பொய். டானியல் தெலோர்மின் அந்த அப்பாவி முகத்தை நாங்களும் நம்பிவிட்டோம். ஆனால் கோழிகளைச் சாட்டையாலேயே அடித்துக் கொல்லும் கபேனின் தாயைப் பார்த்த பிறகு, கொடுமை கேத்தரினிடம் மட்டும்தான் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

லூயி மாலின் 'தூக்குமேடைக்கு லிஃப்ட்' (1958) வழக்கம்போல் கூட்டத்தைக் கவர்ந்தது. கடை விளக்குகளின் வெளிச்சத்திலேயே ஆன்ரி தெக்காயே படம்பிடிக்க, ழான் மொரோ இரவெல்லாம் பாரிஸ் தெருக்களில் காதலனைத் தேடி நடக்கிறார். அந்த நடைக்கு ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1957 டிசம்பரில் ஒரே இரவில், திரையைப் பார்த்தபடி வாசித்த டிரம்பெட். காதலர்கள் இருவரும் படத்தில் ஒரு காட்சியிலும் சேர்ந்து நிற்பதில்லை, கடைசியில் வரும் புகைப்படங்களில் மட்டும்தான் சேர்ந்திருக்கிறார்கள். இதைக் கவனித்துச் சொன்னவர் புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினர். அந்த மாலை எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஒரு வருத்தத்தையும் பதிவுசெய்ய வேண்டும். இவ் அலெக்ரேயின் 'மனேழ்' (1950) திரையிட்ட அன்று பாதியில் மின்சாரம் போய்விட்டது. குதிரைப் பயிற்சிக்கூடம் என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்குச் சூழ்ச்சி என்றும் பொருள் உண்டு. விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து, கணவன் தங்கள் காதல் நாட்களை நினைத்துப் பார்க்கிறான். அப்புறம் அவளுடைய அம்மா வாய் திறக்கிறாள். அதே நாட்கள் இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடி வருகின்றன, அவன் பணத்துக்காகவே ஏமாற்றப்பட்டிருக்கிறான் என்று தெரிகிறது. சிமோன் சிக்னோரே அதே புன்னகையை இரண்டு விதமாகக் காட்டுகிறார். விளக்கு அணைந்ததும் வீட்டுக்குக் கிளம்பியவர்கள் கணவன் சொன்ன கதையை மட்டுமே பார்த்தவர்கள். ஜெனரேட்டர் ஏற்பாடு செய்யாதது என் தவறு, மன்னிக்க வேண்டும்.

ஆகவே புதிய ஆண்டின் முதல் திரையிடலாக 'மனேழ்' படத்தை முதலிலிருந்து மீண்டும் காட்டச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அன்று பாதியில் போனவர்கள் கண்டிப்பாக வர வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.