செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கடலூர் வட்டார நாய் வளர்ப்போராகிய உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிக்க இருப்பதாலும், வெறிநோய்த் தடுப்பூசி முகாம் வழக்கம்போல் குறையின்றி நடந்துவிட்டதாலும், இவ்வாண்டு என்னை நள்ளிரவில் தொலைபேசியில் எழுப்பிய ஒரே விஷயத்தை, அதாவது நம் நாய்கள் தின்னக் கூடாததைத் தின்றதையும் அதற்கு நாம் செய்ததையும் மட்டும் கூறுகிறேன்.

மாம்பழப் பருவத்தில் மஞ்சக்குப்பம் உறுப்பினர் ஒருவரின் லாப்ரடார் மாங்கொட்டையை முழுதாக விழுங்கியது. தானாக வெளியே வந்துவிடும் என்று அவர் மூன்று நாள் காத்திருந்தார். குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தி எடுத்த பிறகே கால்நடை மருத்துவரிடம் போனார். சிறுகுடலை அடைத்திருந்த கொட்டையை வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியதாயிற்று. அதைக் கழுவிக் காயவைத்து அவர் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். நார் பெரும்பாலும் அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் இரண்டு பல் தடம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரையோடு தூண்டில் முள்ளை விழுங்கிய நாயின் கதை வேறு. வாயோரம் தொங்கிய தூண்டில் நரம்பை இழுக்கத்தான் எவருக்கும் கை போகும். இழுத்தால் முள் உணவுக்குழாயைக் கிழிக்கும், குட்டையாக அறுத்துவிட்டாலோ நரம்பு உள்ளே போய்விடும். அந்த உறுப்பினர் நரம்பைக் கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டி, ஆட்டோ பிடித்துவிட்டார். செயற்குழு அவரைப் பாராட்டியது.

உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியத்தை நம்மில் பலர் இன்னும் விடவில்லை. வாந்தி வராவிட்டால் அந்த உப்பு இரத்தத்தில் ஏறி வலிப்பு வரும், உயிரே போகலாம். மண்ணெண்ணெய், அமிலம், கூரான பொருள் எதுவானாலும் வாந்தி எடுக்கவைப்பதே தவறு. மற்றவற்றுக்கும் அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

என் தவற்றையும் பதிவு செய்கிறேன். பொங்கலன்று பாயசத்துக்கு வைத்திருந்த உலர்திராட்சைப் பொட்டலத்தை எங்கள் வீட்டு நாய் தின்றுவிட்டது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதும் இச்சங்கத்தின் செயலாளருக்குத் தெரியாமலில்லை. ஆயினும் மருத்துவர் கேட்டபோது, வெட்கத்தால், "ஏதோ குப்பையைத் தின்றிருக்கும், சார்" என்றேன். என் மனைவிதான் கிழிந்த பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் அச்சிட்டிருந்த எடையைப் பார்த்த பிறகே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கினார். நாய் பிழைத்தது.

எனவே, தின்ற பொருள், அளவு, நேரம், நாயின் எடை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள இடம்விட்டு, உறை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுமாறு நினைவூட்டும் அட்டையை அச்சிட்டு, வீட்டுக்கொன்றாக வழங்குவதற்கு இப்பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன். சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடக் கூடியது என்பதால், அட்டை சமையலறைச் சுவரில் இருக்கட்டும், பீரோவுக்குள் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்