கயல் படிக்கும் படிப்பு

ஏற்காடு,
மார்ச் 16

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்ததால் உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தங்கச்சி போனில் பேசியபோது குறைந்திருப்பதாகச் சொன்னாள். மருந்தை மட்டும் விட்டுவிடாதே.

என் பெண் கயல் குஜராத் வரைக்கும் போய் என்னதான் படிக்கிறாள் என்று கேட்டிருந்தாய். காந்திநகர் பக்கம் லவாட் என்ற ஊரில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் இருக்கிறது. முன்பு அந்த மாநில அரசு நடத்திவந்தது, 2020-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தது. அங்கே உள்நாட்டுப் பாதுகாப்பு படிக்கிறாள். முதலில் அவள் சொன்னபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படச் சொல்லித்தரும் படிப்பு என்று நினைத்தேன். இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்போது அவள் வீட்டில் இருந்தாள். கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் பழைய காப்பிக் கணக்கு நோட்டை எடுத்துவைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சரிவை முதலில் யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னார்கள், எங்கள் தெருவுக்கு அது எப்போது தெரிந்தது என்று வரிசையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் இன்சுலின் எத்தனை நாளைக்கு வரும் என்றும் ஒரு வரி. அப்புறம் நிமிர்ந்து, "குப்பனூர் பாதையும் அடைபட்டால் ஒரு நோயாளியை எப்படிப்பா கீழே கொண்டுபோவது?" என்று கேட்டாள். நாற்பது வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன், சண்முகம். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குத்தான் இது என்ன படிப்பு என்று எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு 22 அமைப்புகளை ஒன்றாகச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்று ஒன்றை 2003-ல் செயல்படவைத்தார்கள். பேரிடர் காலத்தில் உதவும் முகமையையும் அதற்குள்ளேயே கொண்டுவந்தார்கள். 2005-ல் கத்ரீனா சூறாவளி வந்து நியூ ஆர்லியன்ஸில் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்தபோது, ஜனங்களுக்கு உதவி போய்ச்சேர நாள் கணக்கில் ஆனது. பயங்கரவாதத்தின் மீதே கண்ணாக இருந்ததில் வெள்ளமும் புயலும் பின்னுக்குப் போய்விட்டன என்று அந்த நாட்டிலேயே பலர் குறை சொன்னார்கள். கயலின் வகுப்பில் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பேசுகிறார்களாம். மும்பையில் 2008 நவம்பரில் தாக்குதல் நடத்தப் படகில் வந்து இறங்கிய பயங்கரவாதிகளை முதலில் பார்த்து யார் என்று கேட்டவர்கள் கொலாபா மீனவர் குடியிருப்பு ஜனங்கள். அந்தந்த இடத்தில் வாழ்கிறவனின் கண்தான் முதல் காவல், அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும் என்கிறாள். எனக்கு இது நூற்றுக்கு நூறு சரியாகப் படுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் வாதாடினேன். பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பை எடுத்துச் சொன்னாள். அதையும் படித்திருக்கிறாள் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் வேலைக்குப் போன பிறகு இதை மறந்துவிடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சரி, இப்போது உன்னிடம் ஒரு உதவி. படிப்பு முடிக்க ஒரு ஆய்வு எழுத வேண்டும். மேட்டூர் அணையை எடுத்திருக்கிறாள். 1934-ல் கட்டி முடித்தது, நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று கணக்கெல்லாம் புத்தகத்தில் கிடைத்துவிடும். அவளுக்கு வேண்டியது வேறு. அணை நிரம்பி, உபரி நீரை வெளியேற்றும் பதினாறு கண் மதகைத் திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி கரையோரத்துக்கு எப்படிப் போய்ச்சேர்ந்தது? பூலாம்பட்டியில் படகு ஓட்டுகிறவருக்கு யார் சொன்னார்கள்? துணி துவைக்க இறங்கியவர்களை யார் மேலே ஏற்றினார்கள்? போன் இல்லாத காலத்தில் தண்டோரா போட்டார்களா, சைக்கிளில் ஆள் போனாரா? இதையெல்லாம் சொல்ல அந்த அணையில் இருபது வருஷம் வேலை பார்த்த உன்னைவிட்டால் எனக்கு ஆள் தெரியாது. ஒருமுறை நள்ளிரவில் நீயே டார்ச் லைட்டோடு கரையோரம் போய்க் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வந்தாயே, அதை அவளிடம் சொன்னேன். "சண்முகம் பெரியப்பாவை உடனே பார்க்கணும்" என்று ஒரே பிடிவாதம்.

மே மாதம் லீவுக்கு வருகிறாள். உனக்குப் பிரயாணம் முடியாது என்றால் அவளைத் தஞ்சாவூருக்கே கூட்டி வருகிறேன். முடிந்தால் நீயும் தங்கச்சியும் இங்கே வந்துவிடுங்கள், முட்டிக்கு மலைக்குளிர் ஆகாது என்றால் சேலத்தில் என் தம்பி வீட்டில் தங்கிக்கொள்ளலாம். மேட்டூரில் இருந்தபோது நீ எழுதிவைத்த டைரிகள் பரணில் கிடக்கின்றன என்று எப்போதோ சொன்னாய். வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாதே.

அன்புடன்,
ராமலிங்கம்