வெளியேற வழியில்லாத இரும்பு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த மறுநாள் பாப்பாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நாள். அது முடிந்து, அவள் முகம் தெளிந்து, பழையபடி வாயடிக்க ஆரம்பித்த பிறகுதான் எழுதுகிறேன்.

"ரத்தமே பத்தாத பிள்ளைக்கு இரும்பு அதிகமாகிவிட்டது என்கிறாயே, அதெப்படி?" என்று கேட்டிருந்தாய். டாக்டர் முதலில் சொன்னபோது எனக்கும் காதில் ஏறவில்லை. ரத்தசோகை என்றால் இரும்பு கொடுக்கணும் என்றுதானே நாம் இருவரும் பள்ளியில் படித்தோம்.

பாப்பாவுக்கு இருக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயில் இரும்புக்குக் குறைவில்லை. ஹீமோகுளோபினைக் கட்டும் மரபணுவில்தான் பிழை. எனக்கும் அவருக்கும் ஆளுக்கொரு பிழையான மரபணு இருந்தது, எங்கள் உடம்பில் அது வெளியே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து அவளிடம் போய்விட்டன. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அது எங்களுக்கு வாய்த்தது. எட்டாவது மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம். இரும்பு அந்த ரத்தத்தோடுதான் உள்ளே வருகிறது.

ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். உடம்பு தானாக வெளியே தள்ளுவதோ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமைத் தாண்டாது. தோல் உதிர்வதிலும் குடலின் உள்தோல் கழிவதிலும் போவதுதான். மிச்சத்தை வெளியேற்ற உடம்பில் வழியே கிடையாது. ஒரு தடவைக்கு ஒரு பை என்று வைத்தாலும் வருடத்துக்கு 17 பை. பெரிய ஆள் ஒருவரின் உடம்பு முழுவதும் உள்ள இரும்பே மூன்று நாலு கிராம்தான். என் மகளுக்குள் அந்த அளவு ஒவ்வொரு வருடமும் கூடுதலாக இறங்கியது. அதோடு, ரத்த அணுக்களைச் செய்யும் எலும்பு மஜ்ஜை ஓயாமல் பாடுபடுவதால் குடலும் சாப்பாட்டிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாக இரும்பை உறிஞ்சுமாம். ரத்தமே ஏற்றாத லேசான வகைத் தலசீமியா பிள்ளைகளுக்கும் இரும்பு சேருவது இதனால்தான்.

ரத்தத்தில் இரும்பைச் சுமப்பதற்கென்று டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறது. அது நிறைந்துவிட்டால் சுமக்க ஆளில்லாத இரும்பு கண்ட இடத்தில் புகுந்துவிடும். முதலில் கல்லீரல், அப்புறம் மூளைக்கடியில் பயறளவுக்கு இருந்து வளர்ச்சியை நடத்தும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு, கணையம், கடைசியில் இதயம். கல்லீரலில் தழும்பு விழும், கணையம் கெட்டால் சர்க்கரை நோய். தலசீமியா பிள்ளைகளின் உயிரை அதிகம் பறித்தது இதயத்தில் சேர்ந்த இந்த இரும்புதான்.

பிட்யூட்டரி விஷயம் எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா? பிறந்தநாள்தோறும் கதவு நிலையில் அவள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். ஒன்பதாவது கோட்டுக்கும் பத்தாவது கோட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, போன வருஷக் கோட்டையே மறுபடியும் போட்டுட்டியா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வளர்ச்சி நிற்பதும் பருவமடைவது தள்ளிப்போவதும் இரும்பு செய்கிற வேலை என்று ஹார்மோன் டாக்டர் அப்புறம் விளக்கினார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், அதில் என் தப்பும் உண்டு. மூன்று வயதிலிருந்து அவளுக்கு டெஃபராக்சமின் பம்பு. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்து அது. வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன ஊசி குத்தி, ராத்திரி முழுக்க எட்டு பத்து மணி நேரம் மருந்து மெல்ல இறங்கணும், வாரத்தில் ஐந்து ராத்திரியாவது. ரத்தத்தில் அது சீக்கிரம் கரைந்து போய்விடுவதால் ஒரேயடியாகப் போட்டுப் பிரயோஜனமில்லை. குத்தின இடமெல்லாம் தடித்துக் கிடக்கும். "இன்னிக்கு மட்டும் வேண்டாம்மா" என்று அழுவாள். இன்று ஒரு நாள்தானே என்று விடுவேன். அந்த ஒரு நாள் வாரத்துக்கு மூன்று நாளாகிவிட்டது. ஹீமோகுளோபின் இறங்கினால் பிள்ளை வெளுத்து, சோர்ந்து கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் ஓடுவோம். இரும்பு ஏறுகிறபோது அவள் ஓடியாடி விளையாடிக்கொண்டுதான் இருந்தாள்! உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைதான் ஃபெரிட்டின். பத்து வயதில் அது 3800. ஆயிரத்தைத் தாண்டினாலே மருந்து தொடங்கச் சொல்வார்கள். இதயத்தில் படிந்த இரும்பைக் காட்டும் டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில் 14 மில்லிசெகண்ட். 20-க்குக் கீழே போனால் இதயத்தில் இரும்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம், 10-க்குக் கீழே பெரிய ஆபத்து.

அதிலிருந்து ஒரு ராத்திரிகூட விட்டதில்லை. இப்போது பம்போடு, அதே வேலை செய்யும் டெஃபரசிராக்ஸ் மாத்திரையும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில், கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குவேன். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஆகும். குடித்த பிறகு அடியில் வெள்ளையாக வண்டல் நிற்கும். அதிலும் மருந்து இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடிக்க வைக்கணும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குகின்றனவா என்று மாதாமாதம் பரிசோதனை. காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் பம்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இரும்பைத் தின்று பெருகும் கிருமிகள் உண்டு.

போன மாதம் ஃபெரிட்டின் 1400, இதயம் 22. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் காரிடாரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாப்பாதான் தட்டிக்கொடுத்தாள்.

இப்போது உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சாதாரணமாக எழுதிய அந்த நாலு வரிதான் என்னை உறுத்துகிறது. சிவப்பணு அளவு சிறிதாக இருக்கிறது, மூன்று மாதமாக இரும்பு டானிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, அளவைக் கூட்டச் சொன்னார்கள் என்கிறாய். ஃபெரிட்டின் பார்த்தார்களா? சிவப்பணு சிறிதாவதற்கு இரும்புக் குறைவு மட்டும் காரணமில்லை. தலசீமியா மரபணு ஒன்று இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். எங்களிடமும் யாரும் பார்க்கவில்லை. என் மகளுக்கு முதல் இரண்டு மாதம் டானிக்தான் கொடுத்தார்கள். ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ் பரிசோதனையும் எடுத்துப் பார்க்கச் சொல்லி நீயே கேள். சளி, காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அது தணிந்த பிறகு எடு. உண்மையிலேயே குறைவு என்று வந்தால் டானிக்கைத் தயங்காமல் கொடு. என் கடிதத்தைப் படித்துப் பயந்து நிறுத்திவிடாதே. வளரும் பிள்ளைக்கு இரும்பு குறைந்தால் படிப்பும் கவனமும் கெடும்.

அந்த டானிக்கையும், நீ சாப்பிடும் இரும்பு மாத்திரையையும் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வை. மிட்டாய் மாதிரி பளபளக்கும் அந்த மாத்திரைகளில் ஒரு கைப்பிடி, சின்னப் பிள்ளையின் உயிருக்கே உலை வைத்துவிடும். முதலில் வாந்தியும் பேதியும் வரும். சில மணி நேரத்தில் தணிந்து, பிள்ளை சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

பாப்பா நேற்று கதவு நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்றேன். கேட்கவில்லை. பென்சிலை எடுத்துப் போட்டேன். போன கோட்டுக்கு மேலே மூன்று விரல் அகலம்.

உன் பையனின் ஃபெரிட்டின் எவ்வளவு என்று வந்த அன்றே எழுது.

என்றும் உன்
பழைய பெஞ்சுத் தோழி