அந்த வாத்தியத்தைத் தோட்டத்துக்கும் கொண்டு வாருங்கள்

அறையிசை விழாக் குழுவினருக்கு வணக்கம்.

நான் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். கையில் இருப்பது ஓர் ஆர்மோனியமும், ஐந்து கட்டை வேலை செய்யாத ஒரு கீபோர்டும். போன சித்திரை சீசனில் நீங்கள் நுவரெலியாவில் வைத்த கச்சேரிக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, தலவாக்கலை, நானுஓயா என்று பஸ்ஸில் வளைந்து வளைந்து வந்து சேர்ந்தேன். குறை சொல்லத்தான் எழுதுகிறேன். இருந்தாலும் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஹார்ப்சிகோர்ட் என்ற வாத்தியத்தை நான் நேரில் கண்டது அன்றுதான்.

சரி, கண்டதைக் கேட்கவும் முடிந்ததா? பாதிதான். கல்யாண விருந்து வைக்கிற அளவு மண்டபம், வாத்தியத்துக்குள்ளே ஒரு மைக், மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். தகரத்தில் சில்லறை கொட்டியது போல ஒரு சத்தம். பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கும்; இதில் கட்டையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரச்சட்டம் எழும்பி, அதில் செருகியிருக்கும் சின்ன முள் கம்பியைச் சுண்டிவிட்டு இறங்கும். அந்த முள்ளை அந்தக் காலத்தில் காக்கை இறகின் தண்டில் சீவினார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் வாசிப்பவர் தன் மனசில் உள்ளதையெல்லாம் நேரத்தில்தான் காட்ட வேண்டும், ஒரு ஸ்வரத்தை மயிரிழை தாமதித்து, இன்னொன்றை விடாமல் அடுத்ததோடு ஒட்டி. ஸ்பீக்கரில் முதலில் காணாமல் போவது இந்த மயிரிழை. இருபது அடி தள்ளி உட்கார்ந்து கேட்கிற வாத்தியத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய மண்டபம்?

அன்று வாசித்தது, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1721இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்குக் கொடுத்த ஆறு கொன்செர்ட்டோக்களில், அதாவது பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கிற உருப்படிகளில், ஐந்தாவது. வழக்கமாக ஹார்ப்சிகோர்ட் அந்தக் கூட்டத்தில் பக்கவாத்தியம், பின்னால் இருந்து தாங்கிக்கொண்டிருக்கும். இதன் முதல் பகுதியில் மற்ற எல்லோரும் திடீரென்று நிறுத்திவிட, அது மட்டும் 65 அளவைகள் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) தனியாக வாசிக்கிறது. நம் ஊர்க் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் மாதிரி. தனி ஆவர்த்தனம் வந்தால் நம்மவர்கள் எழுந்து கன்டீனுக்குப் போவார்கள். உங்கள் மண்டபத்தில் யாரும் எழவில்லை, சரியாக அந்த நேரம் பார்த்து கோப்பைகளை எடுக்க வெயிட்டர்கள் வந்தார்கள்.

இடைவேளையில் நடந்ததுதான் எனக்கு உண்மையான கச்சேரி. எல்லோரும் வெளியே போனதும், வாசித்த அம்மா ஒரு சாவியோடு குனிந்து ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். ஈரம் ஏறினால் மரம் ஊதும், சுருதி ஓடிவிடும், வெளியே கையைக்கூட மறைக்கிற பனிமூட்டம். என் பிள்ளைகள் கிட்டப் போய் எட்டிப் பார்த்தார்கள். “சேர், நம்ம தப்பு மேளத்தை நெருப்பில காய்ச்சுற மாதிரியா இது?” என்று கேட்டான் ஒருவன். அந்தக் கேள்வியை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, மரச்சட்டம் ஒன்றை வெளியே எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார், அப்புறம் மைக்கை அணைத்துவிட்டு அவர்களுக்காக ஒரு நிமிடம் வாசித்தார். அது என்ன ஒரு சத்தம்! உங்கள் ஆள் ஒருவர் வந்து பிள்ளைகளைப் பின்னால் போகச் சொல்லும்வரை.

நிகழ்ச்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, அதிலும் பாதி விருதுப் பட்டியல். அதனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே ஒரு கதை சொன்னேன். சூசனா ரூஷிச்கோவா என்ற ஹார்ப்சிகோர்ட் கலைஞர், 1927இல் செக் நாட்டுப் பில்சன் நகரில் பிறந்தவர். யூதர் என்பதால் நாஜிகளின் தெரெசின், ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் முகாம்களுக்குப் போய் உயிரோடு திரும்பினார், திரும்பும்போது கட்டாய வேலையில் கைகள் கெட்டுப்போயிருந்தன. அந்தக் கைகளைச் சாதகம் செய்து மீட்டு, 1956இல் மியூனிக் இசைப் போட்டியில் வென்று, பாக் கட்டை வாத்தியங்களுக்கு எழுதியது முழுவதையும் ஹார்ப்சிகோர்டில் பதிவு செய்த முதல் ஆள் ஆனார். 2017இல்தான் காலமானார். கேட்டுக்கொண்டே வந்த பிள்ளை கேட்டது: “கொழுந்துக் கறை பிடிச்ச விரலால வாசிக்க ஏலுமா சேர்?” ஏலும் என்றேன். எதில் வாசிப்பது என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த தடவை ஒரு கலைஞரை மலைக்குக் கூட்டி வந்தால், ஒரு காலை நேரம் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் அனுப்புங்கள். நூறு பேர் உட்காரலாம், மைக் வேண்டாம். தகரக் கூரை, மழை பெய்தால் ஒன்றும் கேட்காது, அதனால் மாசியில் வையுங்கள். காமன் கூத்துக்குத் தப்புக்காரர்களும் ஊரில் இருப்பார்கள், அவர்களும் வந்து கேட்கட்டும். வாத்தியத்தை முதல் நாளே கொண்டு வந்து வைத்தால்தான் மரம் எங்கள் குளிருக்குப் பழகும். தமிழில் நாலு வரி அச்சடித்துத் தந்தால் போதும், மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.

லொறி கடைசி வளைவு வரைதான் ஏறும். பியானோ அளவுக்குப் பாரம் இல்லை, அங்கிருந்து தூக்க நாலு பேரை நான் நிறுத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பள்ளிக்கூட சங்கீத வாத்தியார்