வட்டார உடலுறுதிக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழுவினர், பயிற்சிக்கு வரும் தம்பிமார், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் நம் குழுவின் முதன்மை வேலை, சிங்கப்பூர் ஆயுதப் படையின் ஐபிபிடி உடலுறுதிச் சோதனைக்கு ஆட்களைத் தயார்செய்ததுதான். 2015இல் ஐந்து அங்கங்கள் மூன்றாகச் சுருங்கியதிலிருந்து கணக்கு இதுதான்: ஒரு நிமிடப் புஷ்-அப்புக்கு அதிகபட்சம் 25 புள்ளி, ஒரு நிமிடச் சிட்-அப்புக்கு 25, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 50. இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில் சேருமுன்பே 61 புள்ளி எடுப்பவருக்கு முழுநேரச் சேவை இரண்டு மாதம்வரை குறையும். போர்க்காலப் படைவீரர்களுக்கு (முழுநேரச் சேவையை முடித்தவர்களுக்கு) 51இல் தேர்ச்சி, 61இல் ஊக்கத்தொகை, 75இல் சில்வர், 85இல் கோல்டு. ஓட்டத்தில் அரை நிமிடம் குறைக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். புஷ்-அப் அப்படியல்ல, முறையாகச் செய்தால் சில வாரங்களிலேயே ஏறும். அதனால்தான் நேரத்தை அதிகம் அதற்கே ஒதுக்கினோம்.

பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு முறையும் முடியாமல் விழும்வரை செய்யும் பழக்கத்தை நிறுத்தினோம். கடைசி நாலைந்து முறை கை நடுங்கும்போது இடுப்பு தொய்கிறது, முழங்கை பாதிதான் மடங்குகிறது. உடல் அந்தத் தவறான அசைவையே பழகிக்கொள்கிறது. தசை இரண்டொரு நாளில் தேறிவிடும், முழங்கைத் தசைநாண் அவ்வளவு சீக்கிரம் தேறாது. தினமும் உச்சம்வரை போகிறவர்கள் மூன்றாம் வாரத்தில் முழங்கை வலியோடு வந்து நிற்பது இதனால்தான்.

இப்போதைய முறையில், ஒரே மூச்சில் 20 செய்ய முடிந்தவர் ஒரு சுற்றுக்கு 10தான் செய்வார். ஆனால் காலை, மதியம், மாலை, இரவு எனப் பிரித்து ஐந்தாறு சுற்று, வாரம் நான்கு நாள். ஒவ்வொரு முறையும் மேலே வரும்போது முழங்கை முழுதாக நீள வேண்டும், கீழே போகும்போது மேற்கை தரைக்கு இணையாக வர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழு நிமிடச் சோதனை. எண்ணிக்கை கூடினால் சுற்றின் அளவும் அதில் பாதியாகக் கூடும். மூன்று வாரம் இப்படிப் போனபின் ஒரு வாரம் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இதைப் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். தவிர்க்கவே கூடாது, ஏற்றம் பெரும்பாலும் அந்த ஓய்வுக்குப் பிறகுதான் தெரிகிறது.

பத்துகூடச் செய்ய முடியாதவர்களை முழங்காலூன்றிச் செய்ய விடுவதில்லை. அதில் வயிறும் இடுப்பும் வேலை செய்வது குறைவு. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல் மேசை விளிம்பில் கையூன்றித் தொடங்கி, பிறகு பெஞ்சு, பிறகு படிக்கட்டு, கடைசியில் தரை. ஓர் உயரத்தில் 15 சுத்தமாக வந்தபிறகே அடுத்ததற்கு இறங்கலாம்.

கை வைக்கும் இடத்தில்தான் அதிகம் திருத்த வேண்டியிருந்தது. பலர் உள்ளங்கையைத் தோளுக்கு முன்னே வைத்து, முழங்கையை இரு பக்கமும் விரிக்கிறார்கள். தோள்மூட்டு வலி அங்கிருந்துதான் வருகிறது. கட்டைவிரல் மார்பின் நேர்க்கோட்டில் இருக்கட்டும், முழங்கை உடலோடு ஏறக்குறைய 45 பாகையில் பின்னோக்கிப் போகட்டும். தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு கைத்தடம் வரைந்து வைத்ததில் இந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. மணிக்கட்டு வலிப்பவர்கள் பயிற்சியில் மட்டும் அறுகோண டம்பெல்லின் பிடியைப் பிடித்துச் செய்யலாம். தள்ளும் பயிற்சிக்கு ஈடாக இழுக்கும் பயிற்சியும் வேண்டும். தாழ்வான கம்பியில் மல்லாந்து தொங்கி மார்பை இழுப்பதை வாரம் இருமுறை சேர்த்திருக்கிறோம்.

சோதனைக்கு நான்கு வாரம் இருக்கும்போது நிமிடக் கணக்குக்கு மாறுகிறோம். 40 இலக்கு என்றால் சராசரியாக ஒன்றுக்கு ஒன்றரை விநாடி. முதல் 15 விநாடியில் வெறியோடு 20 போட்டவர் அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறார், ஏனென்றால் கையின் பின்தசை முதலில் சோர்ந்துவிடும். அரை நிமிடத்தில் 24, பிறகு நாலு நாலாகப் பிரித்து, இடையில் கை நீட்டிய நிலையிலேயே இரண்டு மூச்சு என்பதே நாங்கள் சொல்லிக்கொடுப்பது. கீழே போகும்போது மூச்சை இழுத்து, மேலே வரும்போது விட வேண்டும். மூச்சடக்கிச் செய்வதால் மட்டுமே ஐந்தாறு எண்ணிக்கை போகிறது.

தேர்வுக்கு முந்தைய மூன்று நாளில் கடும் பயிற்சி வேண்டாம். தேர்வு நாளின் சூடேற்றத்துக்கு ஐந்து நிதானமான புஷ்-அப் போதும்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஆண்டுக்குக் கூடுதல் பாய்களும், எதிரே அமர்ந்து ஒவ்வோர் அசைவையும் கறாராக எண்ணக்கூடிய தொண்டூழியர்களும் தேவை. அரைகுறையாக மடக்கியதை எண்ணிக்கையில் சேர்க்காதவர்களாகப் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்